அது கேஸ் இல்லை, அத்தை

அத்தை,

காலையில் அலமாரியின் மேல்தட்டைத் துடைத்தபோது உன் ஓமத் தண்ணீர் பாட்டில் கையில் பட்டது. மூடியைத் திறந்ததும் அந்தக் கார வாசனை மூக்கில் ஏறியது. அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். கோபம் வந்தது. நீ போன பிறகும் உன்னோடு சண்டை போடுவதை என்னால் நிறுத்த முடியவில்லை.

அது கேஸ் இல்லை, அத்தை. உன் மூச்சிரைப்பு வாயுவால் வந்தது இல்லை என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? தெருக்குழாயிலிருந்து குடத்தோடு வரும்போது பாதி வழியில் நின்றுவிடுவாய். மூச்சு வாங்குவது தெரியக் கூடாது என்று எதிர்வீட்டு ஆட்டுக்குட்டியை நலம் விசாரிப்பாய். அது மேய்ந்ததா, கழிந்ததா, ஏன் இளைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாய்க் கேட்பாய். மூச்சு திரும்பியதும் ஆட்டுக்குட்டி மறந்துபோகும். எனக்குத் தெரியாதா?

படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாய். கேட்டால், "படுத்தா கேஸ் மேல ஏறுது பாப்பா" என்றாய். உன் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். விழுந்த குழி அப்படியே நின்றது. உயிரியல் புத்தகத்தைக் கொண்டுவந்து இதயத்தின் படத்தைக் காட்டினேன். "ஆட்டு ஈரலாட்டம் கீது" என்று சிரித்தாய். அப்பாவிடம் சொன்னால், "அறுபது தாண்டிச்சில்ல, அக்காவுக்கு அப்டித்தான் இருக்கும்" என்றார். கடைசியில் நீயே கிளினிக்குக்குப் போய், "ஒடம்புல சத்தே இல்ல, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்டு ஏற்றிக்கொண்டு வந்தாய். மறுநாள் இன்னும் அதிகமாக மூச்சு வாங்கியது. அதற்கும் ஓமத் தண்ணீர்தான்.

பள்ளி விடுமுறையன்று உனக்கு நாஷ்டா எடுத்துக்கொண்டு ஏரிக்குக் கீழே உள்ள கழனிக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? நீங்கள் எல்லோரும் வரிசையாகக் குனிந்து, நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தீர்கள். நீயும் குனிந்திருந்தாய். கையில் நாற்று முடி இருந்தது. ஆனால் அந்தக் கை சேற்றுக்குள் போகவே இல்லை. இடப்பக்கம் உன்னோடு தினமும் நடவுக்கு வரும் கன்னியம்மா சித்தியும் வலப்பக்கம் இன்னொருத்தியும் எட்டி எட்டி உன் பங்கையும் நட்டார்கள். வரப்பில் நிற்கிற ஓனருக்கு வரிசையில் ஓர் இடைவெளிகூடத் தெரியாது.

"இன்னா சித்தி இது? எத்தினி நாளா நடக்குது?" என்று கத்தினேன்.

கன்னியம்மா சித்தி தலையைக்கூடத் தூக்கவில்லை. "உங்க அத்தைக்குக் கேஸுடி. நாங்க ரெண்டு நாத்து சேத்து நட்டா கை தேஞ்சா பூடும்? ஓனர் நிக்கிறாரு, கூவாத. கூலிய புடிச்சிக்கினா நீயா குடுப்ப, டாக்டரம்மா?"

வரிசை முழுவதும் சிரித்தது. நீயும் சிரித்தாய், மூச்சு வாங்கிக்கொண்டே. யார் மேல் கோபப்படுவது? உன்மேல் பிரியம் வைத்தவர்களே உன் நோயை ஒருவர் கண்ணிலும் படாமல் மூடி வைத்திருந்தார்கள்.

அப்பாவை நச்சரித்து உன்னைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனோம். டாக்டர், "என்னம்மா பண்ணுது?" என்று கேட்டார். நீ சேலையைச் சரிசெய்துகொண்டு, "ஒண்ணுமில்ல சார், லேசா அசதி. கேஸு" என்றாய்.

"பொய் சார்" என்றேன். குடம், கால் வீக்கம், உட்கார்ந்து தூங்குவது, நடவு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் உன் மார்பில் கருவி வைத்துக் கேட்டார், ஈசிஜி எடுத்தார், காஞ்சிபுரத்துக்கு ஸ்கேனுக்கு அனுப்பினார். இதயம் ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்துவிட்டது, அதனால்தான் காலிலும் நுரையீரலிலும் நீர் தேங்குகிறது என்றார். மாத்திரைகள் கொடுத்தார். காலையில் போட வேண்டிய ஒன்று, நீரைப் பிரித்து வெளியேற்றும்.

அந்த மாத்திரை வேலை செய்தது, அத்தை. உன் கால் பழைய காலாக ஆனது. பாயில் நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டாய். எனக்குப் பரீட்சையில் முதலிடம் வாங்கியதுபோல இருந்தது.

பிறகு அடுத்த நடவு தொடங்கியது. வேலைக்குப் போகாதே என்று நானும் அப்பாவும் சொன்னதை நீ காதிலேயே வாங்கவில்லை. தினமும் பள்ளிக்குக் கிளம்பும்போது, "மாத்திரை போட்டியா?" என்று கேட்பேன். "போட்டுக்கினேன், போட்டுக்கினேன். பஸ்ஸ வுட்றாத" என்பாய். கால் மறுபடி வீங்கியபோது, "சேத்துல நின்னா வீங்காதா?" என்று என்னையே மடக்கினாய். ஆம்புலன்ஸ் வந்த அன்று உன்னால் ஒரு சொல்கூடப் பேச முடியவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டாய்.

காரியம் முடிந்த பிறகு கன்னியம்மா சித்திதான் சொன்னாள்.

"நடவுக்குப் போற அன்னிக்கெல்லாம் அந்த மாத்திரைய தொடவே மாட்டா. போட்டா ஒண்ணுக்கு வந்துக்கினே கீதாம். எங்கடி போவா? சுத்தியும் வெட்டவெளி, வரப்புல ஆம்பள நிக்கிறான். நாங்களே பொழுது சாயிற வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டோம்."

புத்தகத்தில் சிறுநீரகத்தின் படம் இருக்கிறது. மறைவதற்கு ஒரு புதர்கூட இல்லாத கழனியின் படம் எந்தப் பக்கத்திலும் இல்லை.

மிச்சமிருந்த மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது அங்கிருந்த நர்ஸம்மாவிடம் இதைச் சொல்லி, வேறு வழி இருந்ததா என்று கேட்டேன். "வேலை முடிச்சு வந்து சாயங்காலம் போட்டுக்கலாமே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டாக்டரே நேரத்தை மாத்திக் கொடுத்திருப்பாரு" என்றார்.

ஒரு வார்த்தை! குழாயடிச் சண்டையில் தெருவையே வாயடைக்க வைத்தவள் நீ. கூலியைக் குறைத்த மேஸ்திரியை நடுரோட்டில் நிறுத்திக் கேள்வி கேட்டவள். கோட்டு போட்ட ஒரு மனிதர் முன்னால் உன்னால் ஒண்ணுக்கு என்று சொல்ல முடியவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் பேஜாராகிவிடுகிறது. வெட்கப்படுவதற்கு உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?

உன் வெட்கத்தை நான் தூக்கிப் போட்டுவிட்டேன். நீ சொல்லாமல் விட்டதை மட்டும் எங்கு போனாலும் எடுத்துக்கொண்டு போகிறேன். போன சனிக்கிழமை பக்கத்துத் தெருப் பெரியம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அவளுக்கும் கால் வீக்கம், அதே மாதிரி மாத்திரை. டாக்டர் எழுதிக்கொண்டிருக்கும்போதே கேட்டேன்: "சார், இவங்க கழனி வேலைக்குப் போறவங்க. பகல்ல ஒண்ணுக்குப் போக அங்க எடமே இல்ல. இதை எப்ப போட்டா சரியா இருக்கும்?"

பெரியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு வேறு நேரம் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும், "மானத்த வாங்கிட்டியேடி, பாவி" என்றாள் பெரியம்மா.

வாங்கிவிட்டேன், அத்தை. இனியும் வாங்குவேன்.