பாடு இல்லாத நாளில் ஒரு படகு

கவரைப்பேட்டை
23.2.2025

அன்புள்ள லோகநாதன் மாமாவுக்கு, கொழுந்தியாள் அஸ்வினி வணக்கத்துடன் எழுதுவது.

வினோதா அக்காவும் பூமிகாவும் சுகம். பூமிகாவுக்குக் கீழ்ப்பல் இரண்டு விழுந்துவிட்டது, எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிகிறாள். நான் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் பேசினால் "சரி வுடும்மா" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். கர்நாடகத்து மல்பேயிலிருந்து லீவில் வந்திருக்கும் விமல் அண்ணன் நாளை நீங்கள் கூலிக்குப் போகும் படகுக்கே திரும்புகிறார். அவரிடம் கொடுக்கிறேன், முழுக்கப் படியுங்கள்.

பரிசு வாங்கிய அந்தப் படம் பொய், மாமா. உங்களுக்கு முன்பே தெரியும். ஆனாலும் என் வாயால் இன்னும் உங்களிடம் சொல்லவில்லை.

நவம்பர் 12 காலையில் பழவேற்காட்டுக் கரையில் நான் எடுத்தது வெறும் தண்ணீர். வலை கட்டும் கழிகள், தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், சாம்பல் வானம். உங்களிடம் காட்டினேன். "நல்லா கீதும்மா, ஏரி ஏரி மாரியே கீது" என்றீர்கள். எனக்கு அது மொட்டையாகத் தெரிந்தது. புகைபோக்கிகளை அழித்தேன். வானத்துக்குச் சிவப்பு ஏற்றினேன். அப்போதும் மனசு நிறையவில்லை. தீபாவளிக்கு முன்னால் நீங்கள் படகில் நிற்கும்போது எடுத்த இன்னொரு படத்திலிருந்து உங்களையும் படகையும் வெட்டி, கழிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். தண்ணீரில் நிழலும் போட்டேன். தேர்வாய் கண்டிகை கம்பெனியில் நாள் முழுக்க பிளாஸ்டிக் மூடிகளில் பிசிறு பார்த்து ஒதுக்குகிற கண் இது. ஒட்டுப் போட்ட இடம் ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

படத்தை மாற்றுவதே தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. ஒருத்தருக்கு உறைப்பு வேண்டும், ஒருத்தருக்குப் புளிப்பு. சிவப்பு வானம் என் ருசி, நான் கூட்டியது என்று சொல்லியிருந்தால் வம்பே இல்லை. போட்டிப் படிவத்தில் 'ஒரே கிளிக், எதுவும் சேர்க்கவில்லை' என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எல்லோரும் நம்பட்டும் என்று தேதியையும் நேரத்தையும் வேறு எழுதினேன். முதல் பரிசு வந்தது. பேப்பரிலும் தேதியோடு வந்தது.

அந்தத் தேதியில் அந்த இடம் வடக்குத் தெருக்காரர்களின் பாடு, அவர்கள் மீன்பிடிக்கும் முறை. சீட்டு விழுந்தவர்களைத் தவிர வேறு யாரும் அன்றைக்கு அங்கே வலை கட்டக்கூடாது, படகைக்கூட விடக்கூடாது. மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். படகு எந்தப் பக்கம் நின்றால் எடுப்பாக இருக்கும் என்றுதான் பார்த்தேன். யாருடைய நாள் என்று பார்க்கவில்லை.

ஊர்க்கூட்டத்தில் தலைவர் தணிகாசலம் பேப்பரை நீட்டி, "உன் படகுதான, நீதான நின்னுக்கினு கீற" என்று கேட்டபோது நான் பெண்கள் பக்கம் நின்றிருந்தேன். நீங்கள் படத்தைப் பார்த்தீர்கள். நிமிர்ந்து ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தீர்கள். "படகு என்னுதுதான். நான் போவல" என்றீர்கள். என் பேரை இழுக்கவில்லை. "அப்போ போட்டோ பொய் சொல்லுதா" என்று யாரோ சிரித்தார்கள். மறுநாள் எனக்குச் சென்னையில் பரிசளிப்பு. புதுப்புடவைக்கு ஜாக்கெட் தைத்து வாங்கியிருந்தேன். அதை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். உங்களுக்கு ஒரு வருஷம் பாடு இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். பத்தே நாளில் நீங்கள் ஊரை விட்டுப் போனீர்கள். அடுத்தவன் பாடு மேல் கை வைத்த குடும்பம் என்ற பேச்சு அக்கா காதுபட நடந்தது. நான் பரிசை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

போன ஞாயிறு ஊருக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். நாலு அறை அறைந்திருக்கலாம். சோற்றைப் போட்டுவிட்டு, எதிரில் உட்காராமல் உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. அன்றைக்கே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போய் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "ஏம்மா, இன்னொருத்தன் நாள்ல உங்க மாமன நிக்க வெச்சியே, கூசலியா" என்றார். கூசுகிறது என்றேன். போட்டிக்காரர்களுக்கும் உண்மையை எழுதிப் பரிசைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கண்காட்சியிலிருந்து படத்தை இறக்கிவிட்டார்கள்.

பங்குனி முதல் ஞாயிறு அம்மன் கோயில் முன்னால் புதுச் சீட்டு. அன்று உங்கள் தீர்ப்பை மாற்றுவதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார். ஆனால் ஆள் நேரில் இல்லாமல் சீட்டு கிடையாது, உங்களுக்கே தெரியும். அத்தனை பேர் எதிரில் நான் செய்ததை மறுபடியும் சொல்லப்போகிறேன். வடக்குத் தெருக்காரர்களும் இருப்பார்கள். அவர்கள் என்ன கேட்டாலும் கேட்கட்டும். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவேண்டாம், என்னோடு பேசவும் வேண்டாம்.

பேர் கூப்பிடும்போது "கீறேன்" என்று சொல்ல நீங்கள் இருக்கவேண்டும், மாமா. நீங்கள் போகாத இடத்தில் உங்களை நிற்க வைத்தவள் கும்பிட்டுக் கேட்கிறேன், உங்கள் இடத்தில் வந்து நில்லுங்கள்.

வழித்துணையாக அம்மன் வரட்டும்.

தலைகுனிந்து,
அஸ்வினி