ரிம் ஓரத்துப் பொட்டு

இல்லை, ஒத்துக்கொள்ள மாட்டேன். செத்துப் போய்விட்டாய் என்பதற்காக நீ சொன்னதெல்லாம் சரியாகிவிடுமா? அந்தச் சின்ன வண்டிக்குப் பதின்மூன்று இன்ச்சு அலாய் சக்கரம் ஆகாது. அன்றைக்கும் ஆகாது, இன்றைக்கும் ஆகாது. மேலே உட்கார்ந்துகொண்டு "மேஸ்திரி, உங்களுக்கு ஃபிசிக்ஸ் தெரியாது" என்று நீ எத்தனை முறை சொன்னாலும் ஆகாது.

எதற்கு இப்போது இந்தச் சண்டை என்கிறாயா? உன் வீட்டுக்காரி ராஜி காலையில் உன் காரை எடுத்துக்கொண்டு தாம்பரத்தில் நம் டயர் கடைக்கு வந்தாள். பின்சீட்டை மடக்கிப் போட்டு நான்கு மூட்டை. பழைய பெட்ஷீட்டில் கட்டியவை. முதல் முடிச்சை அவிழ்த்ததும் பழைய ரப்பரும் அந்துருண்டையும் கலந்து ஒரு வாசனை அடித்தது. உள்ளே உன் தங்கக் கலர் அலாய். கார் சக்கரத்துக்கு அந்துருண்டை போட்டு வைத்த மனுஷன் இந்தத் தாம்பரத்தில் நீ ஒருத்தன்தான்.

"அண்ணா, வர ஞாயித்துக்கிழமை ஆட்டோகிராஸ் ரேஸ். லேடீஸ் கிளாஸ்ல பேர் குடுத்துட்டேன். இதையே மாட்டிடுங்க. அவர் கப்பு வாங்கினது இதுலதானே?" என்றாள்.

முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள், போன மாதம்தான் ரிட்டயர் ஆனாள். வந்து நின்ற தோரணையைப் பார்த்தால் நானும் ஏழாம் வகுப்பு பெஞ்சில் எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது.

நகத்தை டயரில் வைத்து அழுத்தினேன். இறங்கவே இல்லை. எட்டாவதோடு படிப்பை விட்டவன்தான் நான். ஆனாலும் டயர் பக்கத்தில் அடித்திருக்கும் நாலு நம்பரைப் படிப்பேன். முதல் இரண்டு நம்பர் தயாரித்த வாரம், கடைசி இரண்டு நம்பர் வருஷம். ரப்பர் கிழடு தட்டிப் போயிருந்தது, என்னை மாதிரி. இதை மாட்டிக்கொண்டு அவள் ரேஸ் மைதானத்தில் நட்டிருக்கும் கோனைச் சுற்றினால் வண்டி திரும்பாது, வழுக்கிக்கொண்டு நேராகப் போகும்.

அதைச் சொல்வது சுலபம். "டயர மட்டும் மாத்திட்டு அதே ரிம்ல போடுங்க" என்பாள். "ரிம்மே வேண்டாம்" என்றால், "அப்புறம் அவர் எப்படி ஜெயிச்சார்?" என்பாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. ஆறு வருஷமாக வாயைத் திறக்காமல் வைத்திருந்த பதில். அதைச் சொன்னால் உன்னுடைய ஒரே கப்பு போய்விடும். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை உன் பெண்டாட்டி ஊர் பார்க்க வழுக்குவாள். எப்பேர்ப்பட்ட இடத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய் பார்.

முதல் முதலில் நீ என் கடைக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? வரைபட ஆபீஸ்காரன், பென்சில் சீவுவதற்கும் அளவு பார்ப்பவன். வண்டலூர் தாண்டி ஒரு மைதானத்தில் ஆரஞ்சு கலர் கோன் நட்டு, ஒவ்வொரு வண்டியாக விட்டு, ஸ்டாப்வாட்ச் பிடிப்பார்கள், அதில் ஓட்டப் போகிறேன் என்றாய். கோனைத் தட்டினால் நேரத்தில் கூட்டிவிடுவார்கள் என்றும் சொன்னாய். எண்ணூறு சிசி வண்டியை வைத்துக்கொண்டு ரேஸா என்று சிரித்தேன். முதல் பத்து வருஷம் உன்னை 'சார்' என்றேன். அப்புறம் எந்த நாளில் 'நீ' ஆனாய் என்று தெரியவில்லை. நீ மட்டும் கடைசி வரைக்கும் 'மேஸ்திரி, நீங்க' என்றே திட்டினாய்.

ஒரே பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் பாடினேன்: "மொதல்ல டயரு. அப்பால பிரேக்கு. அப்பால ஷாக் அப்சார்பரு. மிச்சமெல்லாம் மேக்கப்பு." நீ மேக்கப்பிலிருந்து ஆரம்பித்தாய். காருக்குப் பின்னால் ஒரு ரெக்கை வைத்துக்கொண்டு வந்து நின்றாய்.

"இன்னா சார், பறக்கப் போறியா? ஏர்போர்ட்டு அந்தாண்ட கீது, பல்லாவரம் தாண்டி" என்றேன்.

அடுத்து பெரிய சைலன்சர். நீ குரோம்பேட்டை சிக்னலில் நின்றால் அடுத்த ஸ்டேஷன் சானடோரியத்தில் நாய் குரைத்தது. அடுத்து ரேஸ் சீட்டு. அதில் உன் இடுப்பு இறங்கவில்லை. இறங்கின அன்று ஏறவில்லை, நானும் பக்கத்துக் கடைக்காரரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். கடைசியில் புதுப்பேட்டை பழைய சாமான் கடையிலிருந்து இந்தத் தங்கச் சக்கரம், யாரோ கழற்றிப் போட்டதை மேலே பாலிஷ் போட்டு மினுக்கின டயரோடு.

"பார்க்கிறவன் மிரளணும் மேஸ்திரி."

"கோன் மிரளாது சார்."

அதற்குப் போய் ஒரு வாரம் நீ பேசவில்லை. பெரிய சக்கரம், கனமான சக்கரம். கோனைத் திரும்பி வெளியே வரும்போது அந்தச் சின்ன இஞ்சின் முக்கி முக்கித்தான் இழுக்கும், ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் மட்கார்டில் உரசும் என்றெல்லாம் சொன்னேன். நீ ஒரு தாளில் படம் போட்டுக் காட்டிவிட்டு, நான் பேசி முடிக்கும் முன்பே எழுந்து போய்விட்டாய். அது உன் வழக்கம். முப்பது வருஷத்தில் ஒரு சண்டையையாவது என்னை முடிக்க விட்டிருக்கிறாயா?

உன் வீட்டில் ஒருத்திக்குத்தான் வண்டி புரிந்தது. போட்டிக்குக் கிளம்பும்போது ராஜி நாலு டயருக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாள். ஒரு தடவை நீ ஓட்டி முடித்ததும் குனிந்து பார்த்தேன். முன்பக்க டயரில் பொட்டு பாதி தேய்ந்திருந்தது. அட, இது நல்ல விஷயமாக இருக்கிறதே என்று அவளிடம் சொன்னேன்: "ராஜிம்மா, ஒண்ணு வைக்காத. மூணு வை. ரிம்மு ஓரமா ஒண்ணு, நடுவுல ஒண்ணு, தரைய தொடுற ஓரத்துல ஒண்ணு." அதிலிருந்து நமக்கு அதுதான் மீட்டர். தரை ஓரத்துப் பொட்டு அழிந்தால் சரி. நடுப் பொட்டும் அழிந்தால் டயர் படுக்கிறது, காற்று ஏற்று. ரிம் ஓரத்துப் பொட்டு மட்டும் எப்படி ஓட்டினாலும் அழியாது. நீ ஏதோ புத்தகத்தில் படித்துவிட்டுக் காற்றைக் குறைத்துக்கொண்டே போவாய். நான் உன் மனைவியின் சந்தனத்தைக் காட்டி ஏற்றிக்கொண்டே வருவேன்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். போட்டிக்குப் போகிற வழியில் காற்றடிக்க நிறுத்தினாய். நிறுத்திவிட்டு எதிர் ஹோட்டலுக்குப் பொங்கல் சாப்பிடப் போனாய். பொங்கல், வடை, காப்பி, பேப்பர்: நாற்பது நிமிஷம், ஒரு நாளும் மாறாது. ராஜி வீட்டிலேயே பொட்டு வைத்து அனுப்பியிருந்தாள். நான் அந்த நாற்பது நிமிஷத்தில் நாலு சக்கரத்தையும் இறக்கி, உன் மினுக்கு டயரைக் கழற்றி, ஒளித்து வைத்திருந்த, தரையைக் கவ்வும் மெத்து ரப்பர் டயரை அதே தங்க ரிம்மில் ஏற்றினேன். புதுசு என்று தெரியாமல் இருக்க மண்ணைத் தேய்த்தேன். காற்றும் என் இஷ்டத்துக்கு வைத்தேன். கடையைப் பூட்டிவிட்டு மைதானத்துக்கும் உன்னோடு வந்தேன்.

நல்லது செய்யவா செய்தேன்? இல்லை. உன்னைக் கலாய்க்கத்தான். நீ கப்பு வாங்கினால் எல்லார் முன்னாடியும் "ரிம்மு இல்ல சார், ரப்பரு!" என்று கத்திச் சிரிக்க வேண்டும் என்று இராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.

நீ வாங்கினாய். உன் பிரிவில் இரண்டாவது. டீ கிளாஸ் உயரத்துக்கு ஒரு கப்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, மண்டி போட்டு, தங்க ரிம்மைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். "பாத்தீங்களா மேஸ்திரி! பாத்தீங்களா!" உன் குரல் உடைந்தது. நான் சிரிக்காமல் உன் கையிலிருந்த கப்பை வாங்கிப் பார்த்தேன்.

அடுத்த மாதமே உன் முழங்கால் போனது. கிளட்ச் மிதிக்க முடியவில்லை, ஓட்டுவதை விட்டாய். ஆனால் என்னை விட்டாயா? ஐந்து வருஷம் தினம் காலையில் என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தாய். மேடவாக்கத்திலிருந்து, கோவிலம்பாக்கத்திலிருந்து எவன் டயர் கேட்டு வந்தாலும் என்னை முந்திக்கொண்டு, "சார், பெரிய அலாயா போடுங்க. நான் கப்பு வாங்கினதே அதுலதான். வேணும்னா மேஸ்திரியக் கேளுங்க" என்பாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டு "ஆமா சார்" என்பேன். நீ கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாய். "என்ன மேஸ்திரி, ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணியும் இல்ல."

தினமும். ஐந்து வருஷம். போன ஆடியில் நீ கண்ணை மூடுகிற வாரம் வரைக்கும்.

இன்று காலை அதே பெஞ்சில் ராஜியை உட்கார வைத்தேன். வண்டியில் மாட்டியிருந்த உன் பழைய பன்னிரண்டு இன்ச்சு இரும்பு ரிம் ஒன்றைக் கழற்றி உருட்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் போட்டேன்.

"இத்த மாட்டிக்கமா. லேசு. நல்ல ரப்பரா நான் போட்டுத் தரேன். வண்டி சிட்டா பறக்கும்."

"இது பாக்க நல்லா இல்லையே அண்ணா. அவர் ஜெயிச்சது ரிம்மாலதானே?"

உன்னை மனதுக்குள் நன்றாகத் திட்டிவிட்டு ஆரம்பித்தேன். "ராஜிம்மா, கோச்சிக்காத. அன்னிக்கு அவன் பொங்கல் துன்னப் போனான் பாரு, அப்ப நானு..."

"டயர மாத்திட்டீங்க" என்றாள்.

கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. சத்தியமாக விழுந்தது.

"உனுக்கு எப்டி..."

"ரிம் ஓரத்துப் பொட்டு எப்பவும் அழியாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? சாயங்காலம் வண்டி வீட்டுக்கு வந்ததும் பாத்தேன். நாலு டயர்லயும் மூணு பொட்டும் இல்ல. ஒண்ணு அழியலாம், ரெண்டு அழியலாம். பன்னெண்டும் எப்படி அண்ணா அழியும்?"

"அவன்கிட்ட..."

"அப்பவே சொல்லிட்டேன்."

அப்பவே! அட பாவி! உனக்குத் தெரியும்! ஐந்து வருஷம் என் பெஞ்சில் உட்கார்ந்து, என் வாடிக்கைக்காரனை எல்லாம் என் கண் முன்னாலேயே கெடுத்து, என் வாயாலேயே ஆமாம் போட வைத்து, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பார்த்து... ஊரையே கலாய்க்கிறவன் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வரைபட ஆபீஸ்காரன் ஐந்து வருஷத்துக்கு அளவெடுத்து எனக்கு ஒரு பொறி போட்டிருக்கிறான். ஒரே ஒரு நாள் நான் "ஆமா, சொல்லணும்" என்றிருந்தால் என்ன செய்திருப்பாய்? கட்டிப் பிடித்திருப்பாயா, கப்பைத் தூக்கி அடித்திருப்பாயா? அதைத் தெரிந்துகொள்ள விடாமலே போய்விட்டாயே.

"கோச்சிகினானா?" என்று கேட்டேன்.

"கப்பை எடுத்து வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தார். அப்புறம் ஷோகேஸ்ல வச்சுட்டு, 'டயர் அவருது. ஓட்டினது நான்தானே ராஜி?'ன்னார். மேஸ்திரி எப்ப வாயத் திறக்கறார்னு பாக்கலாம்னு சொல்லிட்டு அப்படி ஒரு சிரிப்பு."

ஓட்டினது நீதான். அது சரி. அந்தக் கடைசி கோனை, மூன்று சக்கரம் தரையிலும் ஒன்று காற்றிலுமாக நீ சுற்றினாயே, அதை என் ரப்பர் சுற்றவில்லை. இத்தனை வருஷம் கப்பு என்னுடையது என்று நான்தான் முட்டாளாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ராஜி எழுந்தாள். "பன்னெண்டு இன்ச்சே மாட்டுங்க. தங்க ரிம் ஷோகேஸ் பக்கத்துல நிக்கட்டும்."

மாட்டினேன். இரும்பு ரிம், புது ரப்பர். அவள் கைப்பையிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். ஒவ்வொரு டயருக்கும் மூன்று. ரிம் ஓரத்துப் பொட்டை மட்டும் கட்டை விரலால் அழுத்தி அழுத்தி வைத்தாள். நாலாவது டயர் முடிந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணாடிக்கு மேலாக. எங்கிருந்து கற்றுக்கொண்டாள் என்று கேட்க வேண்டுமா?

"இந்த ரிம் ஓரத்துப் பொட்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இருக்கணும் அண்ணா. காத்து மட்டும் பாத்து வைங்க. நான் போய்ப் பொங்கல் சாப்பிட்டு வந்துடறேன்."

சாவியை என் கையில் கொடுத்தாள். கடைக்குள்ளே அலமாரிக்குப் பின்னால் இன்னும் மெத்தான ரப்பர் ஒரு செட் இருக்கிறது. அவள் எனக்குத் தந்துவிட்டுப் போவது நாற்பது நிமிஷம். எல்லாம் தெரிந்துதான் தருகிறாள்.

காற்றுக் குழாயைக் கையில் பிடித்தபடி, அவள் முதுகைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். உன்னிடம் ஐந்து வருஷம் சொல்லாததை. "ராஜிம்மா, ஒரு நிமிசம் நில்லு. அன்னிக்கு நான் ஏன் சிரிக்கலன்னா, அவன் அந்த ரிம்ம தொட்டுக் கண்ணுல ஒத்திகினான் பாரு, அப்ப அவன் மூஞ்சி..."

அவளும் முடிக்க விடவில்லை, பாதி ரோட்டைத் தாண்டியிருந்தாள்.