லோவெல் புல்வெளியில் மஞ்சள் திட்டு

அன்பு மகள் ஜோலீனுக்கு அம்மா எழுதறது. கர்த்தர் கிருபையில இங்க நானும் அப்பாவும் சுகம், அங்க அலாஸ்காவுல நீயும் சளி இருமல் இல்லாம இருப்பேன்னு நம்பறேன். அப்பாவுக்கு முட்டி வலி, டாக்டர்கிட்ட போகச் சொன்னா மாட்டைப் பார்த்துட்டுப் போறேங்கறார், மாடு எப்போ அவரை விட்டிருக்கு. மழை இந்த வருஷம் நல்லாப் பேஞ்சது, குன்றெல்லாம் நம்ம சின்ன நீலத்தண்டுப் புல்லு செம்பு நிறத்துல நிக்குது. பார்க்கக் கண்ணு கூசுதுடி, அழகுனால இல்ல, வெக்கத்தால. உங்கிட்ட சொல்லாம வச்சிருந்தேன், இனி முடியாது.

போன வருஷம் ஜூலையில ஒரு புல்லைப் போட்டோ பிடிச்சு உனக்கு அனுப்பினேனே, அது நம்ம பக்கத்துப் பண்ணை லோவெல் உன்ரூவோட புல்வெளியில முளைச்சது. அவங்க பாட்டன் பூட்டன் காலத்துலருந்து ஏர் படாத நிலம் அது. ரோட்டோரத்துலருந்து என்னமோ புதுசா உள்ள வருது, மாடு வாய் வைக்கலை, மருந்தடிக்கப் போறேன்னு சர்ச் பிக்னிக்ல சொன்னான். அவன் கொண்டுவந்திருந்த ஒரு கதிரை நான் வாங்கிப் பார்த்துட்டு, நம்ம ஊருப் புல்லுதாம்பா இது, இத்தனை வருஷமா மாடு மேய்க்கிறே, சின்ன நீலத்தண்டு தெரியலையா, உன்னைவிட உன் மாடு தேவலைன்னேன். அத்தனை பேரும் சிரிச்சாங்க, அவனும் சேர்ந்து சிரிச்சான். மருந்தை அடிக்காம டப்பாவைக் கொண்டுபோய்க் கொட்டகையில வச்சுட்டான். அன்னிக்கு ராத்திரியே நீ, அம்மா கசக்கி மோந்து பாரு, கணுவுல மயிர் வளையம் இருக்கான்னு பாருன்னு பதில் போட்டே. எனக்குச் சொல்லித்தர வந்துட்டாளான்னு நான் மோந்தும் பார்க்கலை.

ஜூலையில கதிர் விட்டிருந்துச்சு ஜோலீன்! நம்ம சின்ன நீலத்தண்டு ஆகஸ்டு கடைசிக்கு முன்ன என்னிக்காவது கதிர் விட்டிருக்கா? மேட்டுப் பாறையில சின்னது, பள்ளத்து ஈரத்துல வான்கோழிக் கால் மாதிரி மூணு விரல் விரிக்கிற பெரியது, ஓடைச் சேத்துல கையை அறுக்கிற கோரைன்னு உனக்கு நடக்கத் தெரியாத வயசுலயே காட்டினவ நான். கொத்திக் கிளறின ரோட்டோர மண்ணுல நம்ம புல்லு முதல்ல வராதுங்கறது எனக்கு மறந்துபோச்சா? மறக்கலை, நாலு பேர் என் வாயைப் பார்த்துட்டு இருந்தாங்க, அதான்.

அது கடல் தாண்டி வந்த சீமை நீலத்தண்டு. அவன் அறுத்துக் கட்டுக் கட்டினப்போ மிஷின் போன பாதையெல்லாம் விதை விழுந்துச்சு. இப்போ சுத்திலும் சிவப்பா நிக்க, அவன் புல்வெளியில மட்டும் வெளிறின மஞ்சளா பட்டை பட்டையா தெரியுது, ரோட்டுல போறவங்க அத்தனை பேரும் பார்க்கறாங்க. அவனோ, எதிர்ல வந்தா எப்பவும்போல வண்டி ஸ்டியரிங்லருந்து வணக்கமா ஒரு விரலைத் தூக்கிக் காட்டிட்டுப் போறான். திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். ஸ்விபாக் ரொட்டி சுட்டு வச்சுட்டு, கொண்டுபோய்க் கொடுக்க முகமில்லாம நாங்களே தின்னோம்.

நேத்து மண்வெட்டியை எடுத்துக்கிட்டு நானா போய் அவன் வேலியோரத்துல அந்தப் புல்லைத் தோண்ட ஆரம்பிச்சேன். கொஞ்ச நேரத்துல அவனும் ஒரு மண்வெட்டியோட வந்தான். லோவெல், தப்பு என்னுது, மன்னிச்சிடுன்னேன். சரி விடு வேர்னா, குனிஞ்சு தோண்டு, வயசாச்சு, நிமிர நேரமாகும்னு கேலி பண்ணினான். அப்புறம் ஒரு குத்துப் புல்லு முன்னால நின்னுக்கிட்டு, எதை எடுக்கணும் எதை விடணும்னு நீயே காட்டிடு, எனக்கு எது எதுன்னு தெரியாதில்லன்னான். குத்திக்காட்டலைடி, நிஜமாவே கேட்டான். சரியாப் பார்த்த கண்ணு அது. தன் கண்ணையே அவன் நம்பாதபடி நான் பண்ணிட்டேன்.

கசக்கி மோந்தேன், நம்ம புல்லுல இல்லாத பெயின்ட் எண்ணெய் வாடை. அவன் மூக்குக்கிட்டயும் நீட்டினேன். நீ முதல்லயே சரியாத்தான் சொன்னேன்னு அவங்கிட்ட சொல்லிட்டேன், ஆனா சிரிச்சவங்க அங்க இல்லையே. வர்ற ஞாயித்துக்கிழமை சர்ச் சாப்பாட்டுல எல்லார் முன்னாலயும் எழுந்து நின்னு சொல்லப்போறேன். அப்பா வேண்டாங்கறார். எனக்காக ஜெபம் பண்ணிக்கோ. வசந்தத்துல முளைக்கிறதையெல்லாம் பிடுங்கணும், லீவு கிடைச்சா வா, உன் கண்ணும் வேணும். குளிர்ல தலையில ஒண்ணும் போடாம திரியாதே. கர்த்தர் உன்னைக் காப்பாத்தட்டும், எனக்குத் தந்த வீம்பை உனக்குத் தராம இருக்கட்டும்.

இப்படிக்கு,
நீ சொன்னதை ஒரு வருஷம் கழிச்சுக் கேட்ட உன் அம்மா,
வேர்னா