தம்பூராவும் இரைச்சல்தானாம்

என் செல்ல அக்காவுக்கு,

அங்கேயும் விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் பாடுகிறாயா? இங்கே பினாங்கில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. வருகிற ஞாயிறு உன் முதலாண்டு திதி. அன்றைக்கு ஒலிக்க வேண்டிய உன் பாட்டை வைத்து உன் மகனுக்கும் எனக்கும் சண்டையாகிவிட்டது.

கோயில் மண்டபத்தில் நீ பாடிய பழைய கேசட் இருக்கிறதல்லவா, நான் உனக்குப் பின்னால் உட்கார்ந்து தம்பூரா மீட்டியது? குமரன் அதைக் கணினியில் ஏற்றி, 'சுத்தம்' செய்து வைத்திருக்கிறான். நேற்று பாயான் பாருவில் இருக்கும் தன் வீட்டுக்கு என்னை வரச்சொல்லி, போட்டுக் காட்டினான்.

"எப்படி சின்னம்மா? கிளியரா இருக்குல்ல?"

கிளியராகத்தான் இருந்தது. ஆனால் அது நீ இல்லை. ஆலாபனையை எவ்வளவு மெல்லத் தொடங்குவாய்! முன்வரிசைக்காரர்களே காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்காருவார்கள். பிறகு நீ மேலே போய் நிற்கும்போது மண்டபமே நிறைந்துவிடும். குமரன் கைவைத்ததில் மெல்லியதும் ஓங்கியதும் ஒரே சத்தம். எடுத்த எடுப்பிலேயே பாசாரில் மீனுக்குப் பேரம் பேசுகிறவள் மாதிரி இருந்தாய். கோபித்துக்கொள்ளாதே.

"தம்பூரா எங்கடா?" என்று கேட்டேன்.

"அதுவா? பின்னாடி 'உம்'முனு ஒரே நாய்ஸ் ஓடிக்கிட்டே இருந்துச்சு சின்னம்மா. சாஃப்ட்வேர்ல எடுத்துட்டேன்."

"டேய், அந்த நாய்ஸ் நான்தான்டா!"

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. திதிக்கு இதைப் போடவே கூடாது என்றேன். அவன் முகம் வாடிவிட்டது.

"கேசட்ல அம்மா எங்கேயோ தூரத்துல இருக்காங்க சின்னம்மா. ஆஸ்பத்திரியில கடைசியா என்னமோ சொன்னாங்க, எனக்குக் கேக்கவே இல்ல. இனிமேலாவது சத்தமா கேக்கணும் லா."

அன்று நீ அவனிடம் என்னதான் சொன்னாய், அக்கா?

எழுந்துபோய் விசிறியை நிறுத்தினேன். சுத்தம் செய்யாத பதிவைப் போடச் சொன்னேன். தம்பூரா வந்தது, கேசட்டின் 'உஸ்'ஸும் கூடவே வந்தது. குமரன் நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் இழுத்துப் போட்டுக் குனிந்து உட்கார்ந்தான். வியர்த்துக் கொட்டியது. திடீரென்று என் கையைப் பிடித்தான்.

"சின்னம்மா, பாடறதுக்கு முன்னாடி அம்மா மூச்சு இழுக்கிறாங்க. கேட்டீங்களா?"

கேட்டேன். அவன் செய்த சுத்தத்தில் அதுவும் போயிருந்தது. அந்தக் கடைசி நாளுக்குப் பிறகு, நீ மூச்சுவிடுவதை நாங்கள் நேற்றுதான் கேட்டோம். இரண்டு பேரும் அழுதோம்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய பதிவுதான். விசிறிகளை நிறுத்தும் வேலையைக் குமரனே எடுத்துக்கொண்டான். சத்தம் போதவில்லை என்று யாராவது சொன்னால், கூட்டமாட்டேன். கிட்டே வந்து உட்காரச் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

என்றும் உன் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் இரைச்சல்,
உன் தங்கை சாந்தி