பலகையில் ஏறிய இருபத்தேழு பெயர்

3.6.1984, ஞாயிறு

நாற்பது நாற்காலி போட்டேன். வந்தது ஒரே ஆள். அதுவும் என் மனைவி லெட்சுமி, நான் மறந்து வைத்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க. சிறுவர் நலச் சங்கத்தின் விளம்பரப் பிரிவுத் தலைவர் என்று எனக்கு ரப்பர் முத்திரை வேறு இருக்கிறது.

சங்கத் தலைவர் துரைசிங்கம் ஐயா யாழ்ப்பாணத்து நிதானத்தோடு கேட்டார்: "கதிரை நாப்பது, ஆள் ஒண்டு. என்ன காளியண்ணன், இதுதானோ உம்மட திட்டம்?"

ஆறாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள் இருபத்தேழு. ஜூலை பத்துக்குள் மனு போகாவிட்டால் அடுத்த ஆண்டு ஒன்றாம் வகுப்பு கிடையாது. மனு எழுத இன்று வரச் சொல்லி அத்தனை பெயரையும் தோட்ட ஆபீஸ் பலகையில் ஒட்டியிருந்தேனே. ஏன் வரவில்லை?

5.6

அதே பட்டியல். இன்னும் பெரிய எழுத்து, சிவப்பு மை. மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவனுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

10.6, ஞாயிறு

இன்றும் காலி நாற்காலி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கே நடந்தேன். பால் வெட்டும் தாயம்மா என்னைக் கண்டதும் மகனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். வெளியே நின்று கெஞ்சினேன். கதவுக்குப் பின்னாலிருந்தே பேசினார்:

"அந்தப் பலகையில பேரு ஏறுனா என்னான்னு தெரியாதா? போன மாசம் எம் பேரு ஏறுச்சு, மூணு நாளு வேலை இல்ல. இப்ப எம் புள்ள பேரு. அதுவும் செவப்புல. பத்திரம் இல்லாத புள்ளய புடிச்சிட்டுப் போவத்தான?"

அட மடையா. நானும் லயத்தில் பிறந்தவன்தான். அப்பா பெயர் இதே மாதிரிப் பலகையில் ஏறிய நாளெல்லாம் வீடே பேசாமல் கிடக்கும். காலில் சப்பாத்து மாட்டியதும் மறந்துபோச்சா?

"நல்ல காரியத்துக்குப் பேரை ஒட்டியா கூப்புடுவாங்க? வாசல்ல வந்து வெத்தல வச்சில்ல கூப்புடணும்" என்றார். கதவு ஒரு விரல் அகலம் திறந்திருந்தது.

11.6

பட்டியலைக் கிழித்தேன். ஒலிபெருக்கி வைத்த வேன் பிடிக்கலாம் என்றார் ஐயா. வெற்றிலைத் தட்டு போதும் என்றேன்.

"சொல்லுறதுக்குத்தான் உம்மை வச்சிருக்கிறம்."

"கேட்டுட்டுச் சொல்றேன் ஐயா."

ஐயா சிரிக்கவில்லை. ஆனால் இரண்டு வாரம் கொடுத்தார்.

17.6, ஞாயிறு

லெட்சுமி தட்டைப் பிடிக்க, மகள் குங்குமச் சிமிழோடு வர, வீடு வீடாக ஏறினோம். முன்னால் நடந்தது தாயம்மா.

"யாருக்குப்பா கல்யாணம்?" என்கிறாள் மகள்.

ஒவ்வொரு வாசலிலும் என்ன பயம் என்று கேட்டேன். நான் பேசியது கொஞ்சம். லெட்சுமியால் நம்ப முடியவில்லை.

24.6, ஞாயிறு

நாற்காலி போதவில்லை. இருபத்தாறு பிள்ளைகள். ஐயா தன் கதிரையையும் தூக்கிக் கொடுத்துவிட்டு நின்றார்.

இருபத்தேழாவது, சன்னாசியின் மகள். சிவப்பு மையைப் பார்த்த மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கெர்லிங் ஊரில் உள்ள மச்சான் வீட்டுக்கு ஓடிவிட்டாராம். "இடம் மாறிட்டினம் எண்டு அறிக்கையில எழுதும், போதும்" என்றார் ஐயா.

எழுதவில்லை.

1.7, ஞாயிறு

கெர்லிங். மூன்று பஸ். மடியில் தட்டு. வெற்றிலை வாடிவிட்டது, நானும்தான்.

சன்னாசி தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பத்திரம், பள்ளிக்கூடம் எல்லாம் சொன்னேன். கடைசியில் மனுவில் கைநாட்டு வைத்தார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் குட்டி எட்டிப் பார்த்தது.

"ரொம்ப பயந்துட்டோம்லா" என்றார். "யாருங்க அந்த செவப்பு மையில எழுதுனவன்? கையில மட்டும் கெடச்சான்னா..."

சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் பாக்கை அவர் பக்கம் நகர்த்தினேன்.