இரண்டு ஆர், இரண்டு சென்ட்

செவ்வாய், இரவு.

ரெட்டியார்பாளையத்துத் தையல்காரி செல்வியின் வீடு இணைய ஏலத்தில் போய்விட்டது. வங்கி மேலாளரே இன்று உறுதி செய்தார். நில ஆவணத்தில் மனை இரண்டு ஆர், அதாவது ஏறக்குறைய ஐந்து சென்ட். ஏலத் தளம் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு இரண்டு சென்ட் என்று போட்டு, அந்த விலைக்கே விற்றுவிட்டது.

"ரெண்டு சிஸ்டத்துலயும் ரெண்டுதான சார் இருக்குது? டேட்டா கரெக்டாதான் வந்திருக்கு" என்றார் மேலாளர், செல்விக்குத் துணையாகப் போயிருந்த என்னிடம்.

பக்கத்தில் நின்ற செல்வி, "அப்ப ரெண்டு சென்ட்ட மட்டும் அளந்து குடுங்க சார். மீதியில நான் குந்திக்கிறேன்" என்றாள்.

அந்த மேலாளன் சிரித்தான். அந்தப் பல்லை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

விற்பனைச் சான்றிதழில் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுவானாம். தடை கேட்ட செல்வியின் மனு வியாழக்கிழமை விசாரணைக்கு வருகிறது.