டிராக்டருக்குப் போன டாக்ஸி எஞ்சின்

ஏப்ரல் 11, 1966

அண்ணன் கணேசபாண்டியனின் டாக்ஸியிலிருந்து என் மெக்கானிக் பட்டறையில் எஞ்சினை இறக்கினேன். ஓட்டும்போதே நெஞ்சடைத்துப் போனான். வண்டி கம்பத்தில் மோதியது பிறகுதான். முகப்பு நசுங்கியும் எஞ்சினில் ஒரு கீறல் இல்லை. நாலு பேர் கூடத்தான் தூக்கினார்கள். ஒற்றை ஆளாகத் தூக்கினேன் என்று தாராவி முழுக்கப் பேச்சு. நான் மறுக்கவில்லை.

ஏப்ரல் 12

மதினி பேராச்சி வாசலுக்கு வந்தாள். "தம்பி, அவுக கார்ல இனி யாரும் ஏற வேண்டாம். ஆனா அந்த எஞ்சின உடைக்கக் குடுத்துராதீக. அது ஓடணும்." அண்ணன் போனபின் அவள் பேசிய முதல் பேச்சு.

"வானத்துலகூட ஓட்டிக் காட்டுதேன் மதினி" என்றேன்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. வீட்டில் பாயசம் இல்லை.

ஏப்ரல் 17

முலுண்டில் வயல் வைத்திருக்கும் ஹமீது பாய் எஞ்சின் செத்த பழைய டிராக்டரை லாரியில் ஏற்றி வந்தார். அதில் மாட்ட அண்ணன் எஞ்சினை விலைக்கு வாங்கிக்கொண்டார். "மழைக்கு முன்ன உழுதாகணும் அண்ணாச்சி. கார் எஞ்சின் சரிப்படலைன்னா ரெண்டையும் பழைய இரும்புக்குப் போட்டுருவேன்."

"வெள்ளைக்கார இன்ஜினியர் மூணு பேரு என்கிட்ட கேட்டுட்டுப் போயிருக்கான் பாய்!"

(ஒருத்தன். கேட்டது மாதுங்காவுக்கு வழி.)

ஏப்ரல் 20

இந்த டிராக்டருக்கு அடிச்சட்டமே கிடையாது. எஞ்சின்தான் முதுகெலும்பு. கழற்றியதும் முன்சக்கரங்கள் தனியே உருண்டன. "ரெண்டா பொளந்துட்டியளே அண்ணாச்சி!" - வெல்டர் தனசீலன். "அப்பிடித்தாம்ல செய்யணும்" என்றேன். புதுச் சட்டம் வெல்டு செய்தோம். கை சுட்டது. வலி தெரியவில்லை. ஏன் தெரியவில்லை?

மே 8

கார் எஞ்சின் உயரம், டிராக்டர் கியர்ப்பெட்டி தாழ்வு. நடுவே இரண்டு பல்சக்கரம் வைத்து இணைத்திருந்தேன். ஸ்டார்ட் செய்தால் - அண்ணன் வண்டிச் சத்தமேதான். முதல் கியர் போட்டேன். பின்னால் போய்த் தனசீலன் சைக்கிளை நசுக்கியது. முன்னால் போக வேண்டிய கியரெல்லாம் பின்னால்தான். ஒன்றையொன்று கடிக்கிற சக்கரங்கள் எதிரெதிராகச் சுற்றும். எனக்குத் தெரியாதா? தெரியும். மறந்திருந்தேன்.

"வயல முதுகால உழச் சொல்லுதீகளா?" என்றார் ஹமீது பாய். "அடுத்த ஞாயிறு வரைக்கும்தான். அப்புறம் இரும்புக்காரன்."

மே 10

"ஓடுதா?" என்றாள் மதினி. "ராஜா மாதிரி ஓடுது." எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

மே 14

பல்சக்கரங்களைப் பிரித்துச் சங்கிலி மாட்டினேன். சங்கிலியில் இரண்டும் ஒரே பக்கம் சுற்றும். முன்னால் போயிற்று. தனசீலன் விசில் அடித்தான். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மே 15

ஹமீது பாய் தானே ஓட்டிக்கொண்டு கிளம்பினார், எங்கள் சந்து வழியாக. மதினியை வெளியே கூப்பிட முன்னால் ஓடினேன். அவள் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டிருந்தாள். அண்ணன் இருந்தபோது, சந்துமுனையில் அந்தச் சத்தம் கேட்டதும் தினமும் போடுவதுதான்.

சத்தம் வாசலைத் தாண்டிப் போனது. கல் காய்ந்து புகைந்தது. கரண்டியோடு நின்றாள்.

"உக்காருங்க தம்பி" என்றாள் பிறகு.

பன்னிரண்டு தோசை தின்றேன் என்று எழுதலாம். இரண்டுதான். இரண்டாவதுக்கு உப்பு போதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகை வந்துவிட்டது.